இரும்பு முதலில், சாயம் கடைசியில்: பழைய டூரிங் ஃபேரிங்கையும் பெட்டிகளையும் சீரமைத்துப் பொருத்தும் முறை

1970களில் நெடும்பயணத்துக்கென்று வாங்கப்பட்ட பெரிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை முன்கவசம் எதுவும் இல்லாமலேயே தொழிற்சாலையை விட்டு வெளிவந்தன. காற்றையும் மழையையும் தடுக்கும் ஃபேரிங்கை, வண்டியை வாங்கியவரே தனியாகத் தேடிப் பிடித்து மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ரன்டூல் என்னும் ஊரில் கிரெய்க் வெட்டர் 1971இல் விற்கத் தொடங்கிய விண்ட்ஜாமர் அந்தத் தேவையில் வளர்ந்த பொருள்தான். பிஎம்டபிள்யூ நிறுவனம் 1976இல் ஆர்100ஆர்எஸ் வண்டியை முழு ஃபேரிங்குடன் கொண்டு வந்தது. ஹோண்டா கோல்ட் விங் தொடக்கத்தில் வெறும் வண்டியாகவே விற்கப்பட்டு, 1980இல் இண்டர்ஸ்டேட் மாடல் வந்த பிறகுதான் ஃபேரிங்கும் பெட்டிகளும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தன. வெட்டரின் கெட்டிக்காரத்தனம் ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும்: வெளி ஓடு எல்லா வண்டிகளுக்கும் ஒன்றுதான், வண்டிக்கு வண்டி மாறியது உள்ளே இருக்கும் இரும்புத் தாங்கி மட்டுமே.

பழைய ஃபேரிங்கைத் தேடுகிறவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியதும் அந்தத் தாங்கியைத்தான். பளபளக்கும் ஓட்டைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு, பிறகு தாங்கிக்காக மாதக்கணக்கில் அலைகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். ஓட்டில் உள்ள வெடிப்பை வீட்டுக் கார் கொட்டகையிலேயே சரி செய்துவிடலாம். ஓட்டின் மேல் நிற்கும் காற்றுத்தடுப்புக் கண்ணாடியைப் புதிதாக வெட்டிக்கொள்ளலாம். ஆனால் கோணலான தாங்கியில் ஏற்றப்பட்ட ஃபேரிங் எத்தனை அழகாகச் சாயம் பூசப்பட்டிருந்தாலும் வண்டியைக் கெடுக்கும். ஆகவே இந்த வேலையை இரும்பு, பிளாஸ்டிக், மின்சாரம், சாயம் என்ற வரிசையில்தான் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இங்கே மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறை ஊர்ப் பக்கத்துச் சாயப் பட்டறைகளில், “அண்ணே, மொதல்ல சாயத்த அடிச்சிருவோம், ஓட்டைய அப்புறம் போட்டுக்கலாம்” என்று அன்பாகவே சொல்வார்கள். அந்த அன்புக்கு இணங்க வேண்டாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பினாங்கில் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையிலும், பிறை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்துப் பழைய பட்டறைகளின் பின்கட்டிலும், வெட்டியெடுத்த பழைய வண்டிப் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடைகளிலும் தேடிப் பார்க்கலாம். கிடைத்த ஃபேரிங்கை நிமிர்த்தி வைத்து முன்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன், அதைக் கவிழ்த்து உள்பக்கத்தைப் பாருங்கள். ஒரு கைவிளக்கை உள்ளே வைத்து, போல்ட் போகும் துளைகளைச் சுற்றி வெளியிலிருந்து கவனித்தால் மயிரிழை வெடிப்புகள் ஒளிக்கோடுகளாகத் தெரியும். பல ஆண்டு அதிர்வு முதலில் தின்பது இந்தத் துளைகளின் விளிம்பைத்தான். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அந்த ஃபேரிங் தளர்ந்த போல்ட்டோடு நீண்ட காலம் ஓடியிருக்கிறது என்று பொருள். அதனால் வாங்கக் கூடாது என்றில்லை. விலையைக் குறைத்துக் கேட்பதற்கு நியாயம் இருக்கிறது என்று கொள்ளலாம். முகப்பு விளக்கு உட்காரும் கிண்ணம், அதைச் சாய்த்து நிமிர்த்தும் திருகுகள், கண்ணாடியைப் பிடிக்கும் பட்டை ஆகிய சிறு பொருள்கள் முழுமையாக இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். இவை தனியாகக் கிடைப்பது அரிது.

அடுத்து, ஓடு எந்தப் பொருளால் ஆனது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தப் பசையையும் கையில் எடுக்கக் கூடாது. பழைய ஃபேரிங்குகளில் ஃபைபர் கிளாஸும் உண்டு, ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும் உண்டு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. உள்பக்கத்தில் கண்ணாடி இழைகள் தெரிந்தால் ஐயமே இல்லை, அது ஃபைபர் கிளாஸ். இருபுறமும் வழவழப்பாக இருந்தால், கண்ணுக்குப் படாத உள்மூலையில் சாயம் இல்லாத இடத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் வைத்து, அரை நிமிடம் கழித்து விரல் உறையோடு தொட்டுப் பாருங்கள். ஏபிஎஸ் பிசுபிசுக்கும், ஃபைபர் கிளாஸ் அசையாது. பெட்டிகளில் இன்னொரு பிளாஸ்டிக்கும் வரும், பாலிபுரோப்பிலின். அதன் சிறு சீவலைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கிவிடும். பாலிபுரோப்பிலினில் வழக்கமான எந்தப் பசையும் ஒட்டாது என்பதால், வெடித்துப்போன பாலிபுரோப்பிலின் பெட்டியை விட்டுவிட்டு வேறு பெட்டி பார்ப்பதே நேரத்துக்கு நல்லது.

தாங்கி

ஃபேரிங்கைத் தொடுவதற்கு முன் வண்டியின் கழுத்தைச் சோதித்துவிட வேண்டும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அந்தச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கழுத்துப் பேரிங்கில் லொடலொடப்பு இருந்தாலும், ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் சிக்குவது போல் இருந்தாலும் அதை மாற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பின்சக்கரத்தைத் தாங்கும் சுவிங்ஆர்மின் புஷ்களுக்கும் இதே சோதனை வேண்டும். வெறும் வண்டியில் கவனத்துக்கு வராத தளர்ச்சி, ஃபேரிங்கும் பெட்டிகளும் ஏறிய பிறகு நெடுஞ்சாலை வேகத்தில் வண்டியை அலைக்கழிக்கும். பிறகு பழி ஃபேரிங்கின் மேல் விழும்.

நெடும்பயண ஃபேரிங் ஃபிரேமில்தான் பொருந்த வேண்டும், ஹேண்டிலிலோ ஃபோர்க்கிலோ அன்று. ஃபோர்க்கில் தொங்கும் எடை ஒவ்வொரு திருப்பத்திலும் சேர்ந்து திரும்புவதோடு, பக்கக் காற்று அடிக்கும்போது அந்தக் காற்றே ஹேண்டிலைத் திருப்பப் பார்க்கும். சிறிய கண்ணாடி என்றால் தாங்கிக்கொள்ளலாம். முழங்கால்வரை மறைக்கும் ஃபேரிங்கை அப்படி மாட்டுவது ஆபத்து. நல்ல தாங்கி குறைந்தது நான்கு இடங்களில் ஃபிரேமைப் பிடிக்கும்: கழுத்தருகே இரண்டு, என்ஜினுக்கு முன்னே இறங்கும் குழாய்களில் இரண்டு. மேல்பிடியையும் கீழ்ப்பிடியையும் சாய்ந்த ஒரு குழாய் இணைத்து முக்கோணமாக்கினால் தாங்கி முன்பின்னாக ஆடாது.

உங்கள் வண்டிக்கான அசல் தாங்கி கிடைத்தால், அதன் துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கிவிட்டு வெல்டிங் இணைப்புகளைச் சுத்தமாகத் துடைத்து உற்றுப் பாருங்கள். வெல்டிங்கின் ஓரத்தில், அதாவது உருகிய இரும்பும் பழைய இரும்பும் சந்திக்கும் கோட்டில்தான் வெடிப்பு தொடங்கும். மண்ணெண்ணெயைத் தடவி, துடைத்து, அதன்மேல் சுண்ணாம்புப் பொடியைத் தூவி வைத்தால், வெடிப்புக்குள் தங்கிய எண்ணெய் சற்று நேரத்தில் கசிந்து பொடியில் கோடு போட்டுக் காட்டிவிடும். வெடித்த தாங்கியை அதே இடத்தில் மறுபடி வெல்டிங் செய்து ஒப்பேற்றுவதைவிட, அந்தத் துண்டை வெட்டி நீக்கிப் புதுத் துண்டு வைப்பதே நிற்கும்.

அசல் தாங்கி கிடைக்காதபோது புதிதாகச் செய்ய வேண்டியதுதான். நேரடியாக இரும்பை வெட்டாமல், தடித்த அட்டையில் வடிவம் வெட்டி வண்டியில் வைத்துப் பார்த்துத் திருத்தி, அது பொருந்திய பிறகே அதை இரும்புத் தகட்டில் வரையச் சொல்லுங்கள். ஃபிரேமைப் பிடிக்கும் இடங்களில் இரு பாதியாகப் பிளந்து போல்ட்டால் இறுகும் கிளாம்ப்தான் வேண்டும். வண்டியின் ஃபிரேமில் எதையும் வெல்டிங் செய்யவோ துளையிடவோ இடம் கொடுக்காதீர்கள். மெல்லிய சுவருள்ள அந்தக் குழாய் சூட்டில் வலிமை இழக்கும், பிறகு திரும்பிப் போக வழியில்லை. கிளாம்ப்புக்கும் ஃபிரேமுக்கும் நடுவே மெல்லிய ரப்பர்ப் பட்டையை வைத்தால் சாயமும் தேயாது, கிளாம்ப்பும் வழுக்காது. கடலோர ஊரில் இருப்பவர்கள் அலுமினியத் தாங்கியில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடும்போது போல்ட்டின் மரையில் கிரீஸோ ஆன்டி-சீஸ் பசையோ தடவ மறக்கக் கூடாது. உப்புக் காற்றில் இந்த இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் அலுமினியம் அரிபட்டு, இரண்டு ஆண்டில் போல்ட் கழலாமல் உறைந்துவிடும்.

இப்போது சாயமில்லாத, வெடிப்போடு கூடிய ஓட்டையே தாங்கியில் ஏற்றிப் பாருங்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, ஃபேரிங்கின் இரு ஓரங்களிலிருந்தும் நூல்குண்டு தொங்கவிட்டு, முன்சக்கர அச்சின் இரு முனைகளுக்கும் உள்ள தூரத்தை அளந்தால் கோணல் இருப்பது தெரிந்துவிடும். கண்ணளவை நம்ப வேண்டாம். பிறகு ஹேண்டிலை ஒரு பக்கம் முழுமையாகத் திருப்பி, பிரேக் பிடி, கிளட்ச் பிடி, பின்பார்வைக் கண்ணாடியின் தண்டு, சிக்னல் என்று எல்லாவற்றுக்கும் ஃபேரிங்குக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளியாவது இருக்கிறதா என்று பாருங்கள். கையுறை அணிந்த விரல் அந்தப் பிடிகளுக்கும் ஃபேரிங்குக்கும் நடுவே நசுங்குவது, பட்டறைக்குள் வண்டியைத் திருப்பும்போதுதான் பெரும்பாலும் நிகழும். அடுத்து முன்புற ஃபோர்க்கை வார்ப்பட்டையால் கட்டி முழுதும் அமுக்கிவிட்டு, மட்கார்டும் விளக்குக் கிண்ணமும் தாங்கியும் ஒன்றையொன்று தொடவில்லை என்பதை உறுதி செய்யுங்கள். கடைசியாக என்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இரு பக்கமும் முழுமையாகத் திருப்புங்கள். என்ஜினின் வேகம் தானாக ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது, அதன் வழியை மாற்றியே தீர வேண்டும்.

வெடிப்பை அடைத்தல்

ஏபிஎஸ் ஓட்டின் வெடிப்பை அதே பிளாஸ்டிக்காலேயே ஒட்டலாம் என்பது இந்த வேலையில் மிகவும் மகிழ்ச்சியான பகுதி. உடைந்த ஏபிஎஸ் துண்டுகளைச் சிறு சில்லுகளாக நறுக்கி, மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் அசிட்டோனில் ஒரு நாள் ஊறவைத்தால், அது கரைந்து ஜீராப் பாகின் பதத்துக்கு வரும். கழிவு பிளாஸ்டிக் கிடைக்காவிட்டால் பிள்ளைகள் விளையாடி ஒதுக்கிய லெகோ கட்டைகள் போதும், அவையும் ஏபிஎஸ்தான்; ஓட்டின் நிறத்துக்கு நெருங்கிய நிறத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்ற வசதியும் உண்டு. பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு எடுப்பது வீட்டின் அமைதிக்கு நல்லது.

வெடிப்பு ஓடி முடியும் நுனியைக் கண்டுபிடித்து அங்கே 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். அது வெடிப்பை அதற்கு மேல் ஓடவிடாமல் நிறுத்தும். கோட்டின் நெடுகிலும் அரத்தால் ஆங்கில ‘வி’ வடிவத்தில் பள்ளம் எடுத்து, உள்பக்கத்தை 80 எண் உப்புத்தாளால் சுரண்டி, அசிட்டோனில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, கரைசலை மெல்லிய பூச்சாகப் பள்ளத்தில் இடுங்கள். அசிட்டோன் ஆவியாகும்போது பூச்சு சுருங்கும். ஆகவே ஒரே நேரத்தில் தடிமனாக அப்பாமல், ஒரு பூச்சு காய்ந்த பின் அடுத்தது என்று ஏற்ற வேண்டும். உள்பக்கத்தில் மெல்லிய கண்ணாடி இழைத்துணியையோ நுண்ணிய அலுமினிய வலையையோ கரைசலில் பதித்துவிட்டால், போல்ட் துளையைச் சுற்றிய இடம் பழையதைவிடவும் பலமாகிவிடும். தடித்த பகுதி உள்ளே முழுதும் காய நான்கைந்து நாள் ஆகும். மேல்தோல் காய்ந்ததைப் பார்த்து அவசரப்பட்டுத் தேய்த்தால், பிறகு சாயத்துக்கு அடியில் பள்ளம் விழும்.

ஃபைபர் கிளாஸ் ஓட்டுக்கு இந்த வித்தை பலிக்காது. வெடிப்பின் இரு பக்கமும் ஓட்டின் தடிமனைப் போல் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்த்து எடுக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் ஓடு என்றால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 36 மில்லிமீட்டர். அந்தச் சரிவில், சிறிய துண்டிலிருந்து பெரிய துண்டுவரை இழைப்பாயை ரெசினில் நனைத்து அடுக்கி, சிறு உருளையால் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். பாலியெஸ்டர் ரெசினுக்கு ஹார்டனர் வழக்கமாக 1 முதல் 2 விழுக்காடு. நம் ஊர் வெப்பத்தில் 1 விழுக்காடே போதும், இரண்டு போட்டால் தூரிகையை எடுப்பதற்குள் கிண்ணத்திலேயே இறுகிவிடும். ஒரு விழுக்காட்டுக்கும் கீழே குறைத்தால் முழுமையாக இறுகாமலும் போகலாம். ரெசினோடு கோபால்ட் ஆக்சிலரேட்டரும் தனியாகக் கொடுத்தால், அதையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பற்றி வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். படகு பழுதுபார்ப்பவர்களுக்கு ரெசினும் இழைப்பாயும் விற்கும் கடைகளில் கேட்டால் வேண்டிய அளவு வாங்கிக்கொள்ளலாம். தேய்க்கும்போது முகமூடியும் முழுக்கைச் சட்டையும் அவசியம். இழைத்தூள் தோலில் ஏறினால் இரவெல்லாம் அரிக்கும், நுரையீரலுக்குள் போனால் அரிப்போடு நிற்காது.

கண்ணாடி

பழைய கண்ணாடி மஞ்சளித்து, நுண் கீறல்களால் நிறைந்திருந்தால் மெருகிடுவதில் காலம் கழிக்காமல் புதியதையே வெட்டிக்கொள்ளுங்கள். பாலிகார்பனேட் உடையாது, ஆனால் எளிதில் கீறும். அக்ரிலிக் தெளிவாக இருக்கும், ஆனால் கல் பட்டால் நொறுங்கும். சாலையில் போகும் வண்டிக்கு நான் பாலிகார்பனேட்டையே சொல்வேன். உயரத்தைப் பொறுத்தவரை, நீங்கள் இருக்கையில் அமர்ந்திருக்கும்போது கண்ணாடியின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். சாலையைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்க வேண்டும், கண்ணாடியின் ஊடாகப் பார்க்கக் கூடாது. இரவில், நம் ஊர் மழையில், எதிரே வரும் லோரியின் விளக்கு நனைந்த கண்ணாடியில் சிதறும்போது ஒன்றுமே தெரியாது. காரில் உள்ளது போல் துடைப்பான் இங்கே இல்லை.

துளைகளை போல்ட்டைவிடப் பெரிதாக இடுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. 600 மில்லிமீட்டர் அகலமுள்ள பாலிகார்பனேட் தகடு, வெப்பம் 30 பாகை ஏறினால் சுமார் 1.2 மில்லிமீட்டர் விரியும். அதே நீளமுள்ள இரும்பு 0.2 மில்லிமீட்டர்தான் விரியும். மதிய வெயிலில் நிறுத்திய வண்டி திடீர் மழையில் குளிரும்போது இந்த வேறுபாட்டைத் துளைதான் தாங்க வேண்டும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 8 மில்லிமீட்டர் துளை, இரு பக்கமும் ரப்பர் வாஷர், உள்ளே போல்ட் மிகைப்பட இறுகாதபடி ஒரு சிறு உலோகக் குழல் என்று அமைத்தால் கண்ணாடி பல ஆண்டு நிற்கும். லாக்டைட் போன்ற நட்டு இறுக்கும் பசைகளை ஏபிஎஸ் மீதும் பாலிகார்பனேட் மீதும் ஒரு சொட்டும் படவிடாதீர்கள். பார்க்கும்போது ஒன்றும் ஆகாது, சில நாளில் துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கும். நைலான் பூட்டுள்ள நட்டுகளே இங்கே பொருத்தம். கண்ணாடியைக் கழுவச் சோப்புத் தண்ணீர் போதும்; பெட்ரோலும் அம்மோனியா கலந்த துடைப்பானும் ஆகாது.

மின்சாரம்

ஃபோர்க்கில் இருந்த முகப்பு விளக்கும் சிக்னல்களும் ஃபேரிங்குக்கு இடம் பெயர்வதால் வயரிங்கைத் தள்ளிப்போட முடியாது. பிளாஸ்டிக் ஓடும் ஃபைபர் கிளாஸும் மின்சாரத்தைக் கடத்தா. முன்பு விளக்கின் உலோக உடம்பு வழியாகவே எர்த் கிடைத்துவந்த வண்டிகளில், இப்போது ஒவ்வொரு விளக்குக்கும் பேட்டரியின் எதிர்முனைவரை தனி எர்த் வயர் இழுக்க வேண்டும். மங்கலாக எரியும் சிக்னல், பிரேக் பிடித்தால் மினுக்கும் விளக்கு போன்ற தொல்லைகளில் பெரும்பகுதி இந்த ஒரு வயரில்தான் அடங்கியிருக்கிறது.

அமெரிக்காவிலிருந்து வந்த ஃபேரிங் என்றால் அதிலுள்ள விளக்கு வலப்பக்கச் சாலைக்காகச் செய்யப்பட்டது. அதன் தாழ்ஒளி வலப்பக்கமாகச் சாய்ந்து எழும்பும். இடப்பக்கம் ஓட்டும் மலேசியாவில் அது நேரே எதிரில் வருகிறவரின் கண்ணில் அடிக்கும். ஏழு அங்குல வட்ட விளக்கானால், இடப்பக்கச் சாலைக்கான எச்4 விளக்கு ஒன்றை வாங்கி அதே கிண்ணத்தில் வைத்துவிடலாம். எச்4 பல்பின் உயர்ஒளி 60 வாட், தாழ்ஒளி 55 வாட். அந்த மின்னோட்டத்தைப் பழைய சுவிட்சின் வழியாகச் செலுத்தாமல், பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலே என்னும் மின்காந்தச் சுவிட்சுக்குக் கொண்டு வந்து விளக்குக்குக் கொடுத்தால் ஒளியும் கூடும், சுவிட்சும் கருகாது.

மின்கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. ஒற்றை கேம் ஹோண்டா சிபி750இன் ஆல்டர்நேட்டர் சுமார் 210 வாட் தரும், அதுவும் 5000 சுற்று வேகத்தில். மலேசியாவில் 1992 முதல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என்பது சட்டம். கோலாலம்பூர் நெரிசலில் என்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, முகப்பு விளக்கும் பிரேக் விளக்கும் சிக்னலும் ஒன்றாக எரிய, ஃபேரிங்கில் ஒரு ரேடியோவும் பாடினால் பேட்டரி மெல்ல மெல்ல இறங்கத்தான் செய்யும். ஃபேரிங்கின் உள்தகட்டில் ஒரு சிறு வோல்ட் மானி பதித்துவிடுங்கள், ஓட்டத்தில் 13.8க்கும் 14.5க்கும் நடுவே நின்றால் கவலையில்லை.

பெட்டிகள்

ஜெர்மனியின் கிரவுசர் பெட்டிகள் பழைய பிஎம்டபிள்யூ வண்டிகளோடு ஒட்டிய பெயர். இத்தாலியின் கிவி 1978இல் தொடங்கப்பட்டு இன்று மலேசியாவிலும் தொழிற்சாலை வைத்திருக்கிறது. பழைய பெட்டியின் தோற்றம் பிடித்திருந்தாலும் அதன் பூட்டும் கொக்கியும் தேய்ந்திருந்தால், புதிய பிடித்தகட்டைப் பெட்டியின் முதுகில் உட்புறமாக ஒரு அலுமினியத் தகடு வைத்து இறுக்கிக்கொள்வதில் தவறில்லை. சுத்தப் பழைமை விரும்புகிறவர்கள் முகம் சுளிக்கலாம். ஓடும் வண்டியிலிருந்து பெட்டி கழன்று விழுந்தால் பின்னால் வருகிறவர் அதைப் பழம்பொருளாகப் பார்க்கப்போவதில்லை.

பெட்டிகளைத் தாங்கும் ரேக்கின் இடம்தான் எடை எங்கே விழும் என்பதைத் தீர்மானிக்கிறது. சைடு பாக்ஸ்கள் எவ்வளவு தாழ்வாகவும் முன்னே தள்ளியும் இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. பின்சக்கர அச்சுக்குப் பின்னால் போகும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். பொதுவாக ஒரு சைடு பாக்ஸுக்குப் பத்து கிலோ, டாப் பாக்ஸுக்கு ஐந்து கிலோ என்பதற்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. தைப்பூசத்துக்குப் பினாங்கிலிருந்து பத்துமலைவரை ஏறத்தாழ 350 கிலோமீட்டர் குடும்பச் சாமான்களோடு போகிறவர்கள் டாப் பாக்ஸில்தான் எல்லாவற்றையும் திணிப்பார்கள், எடுக்க வசதி என்பதற்காக. கனமான கருவிப் பையும் தண்ணீரும் சைடு பாக்ஸின் அடியில் போக வேண்டும். டாப் பாக்ஸில் மழைக்கோட்டு, துண்டு, பலகாரம். ரேக்கின் இரு பக்கங்களையும் பின்னால் ஒரு குறுக்குக் கம்பியால் இணைத்தால்தான் பெட்டிகள் தனித்தனியாக ஆடாமல் இருக்கும். பின்சிக்னல்கள் பெட்டிக்குப் பின்னால் மறைந்துவிட்டால் அவற்றை வெளியே நகர்த்த வேண்டும். புகைபோக்கிக்கும் பெட்டிக்கும் இடையே கை நுழையும் இடைவெளி இல்லையென்றால் ஒரு வெப்பத் தகடு வைக்க வேண்டும்.

மழையைத் தாங்குமா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. மூடியின் பழைய ரப்பரைப் பிடுங்கி, பள்ளத்தைச் சுத்தம் செய்து, புதிய ரப்பர்ப் பட்டையின் இணைப்பு கீழ்ப்பக்கம் வராதபடி ஒட்டுங்கள். பிறகு பெட்டிக்குள் பழைய மக்கள் ஓசை நாளிதழை விரித்துப் பூட்டி, பத்து நிமிடம் எல்லாப் பக்கமும் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டுத் திறந்து பாருங்கள். தாளில் ஈரம் எங்கே படர்ந்திருக்கிறதோ அதற்கு நேர்மேலே ரப்பர் அழுந்தவில்லை. பூட்டுக்குள் எண்ணெய் விடாமல் கிராஃபைட் பொடி போடுங்கள், எண்ணெய் புழுதியைச் சேர்த்துச் சாவியைச் சிக்க வைக்கும்.

சாயமும் பதிவும்

எல்லாத் துளையும் போட்டு, எல்லாம் பொருந்துகிறது என்று கண்ட பிறகு அனைத்தையும் கழற்றிச் சாயத்துக்குக் கொடுங்கள். 320 எண்ணிலிருந்து தொடங்கி ஈரத்தில் உப்புத்தாள் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கான ஒட்டுப் பூச்சு இட்டு, அதன் மேல் பிரைமர், நிறம், கிளியர் என்று போவது வழக்கம். ஹார்டனர் சேர்க்கும் சாயத்தில் ஐசோசயனேட் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது; சாதாரண முகமூடி அதைத் தடுக்காது என்பதால், வெளிக்காற்றைக் குழாயில் பெறும் முகமூடி உள்ள பட்டறையிடம் அந்த வேலையை விட்டுவிடுவதே உசிதம். மழை கட்டும் மாலையில் அடித்த சாயம் ஈரக்காற்றில் பால் பூத்ததுபோல் வெளுக்கும், ஆகவே முற்பகலில் அடிக்கச் சொல்லுங்கள். வண்டியின் நிறமே மாறுகிறதென்றால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் பதிவிலும் அது மாற வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றங்களைத் தெரிவித்துவிடுங்கள்.

காற்றால் குளிரும் என்ஜின் உள்ள வண்டிகளில், ஃபேரிங்கின் கீழ்ப்பகுதியான லோவர்களை நம் நாட்டில் மாட்டாமல் வைப்பதே என் விருப்பம். குளிர் நாடுகளில் காலைக் காக்கச் செய்யப்பட்ட அவை, இங்கே என்ஜினுக்குப் போகும் காற்றை மறித்து, வெப்பத்தை முழங்காலில் கொண்டு வந்து சேர்க்கும்.

ஓட்டிப் பார்த்தல்

பெட்டிகளில் வழக்கமான சுமையை ஏற்றி, டயர்களில் சுமைக்கேற்ற காற்றடைத்து, பின் ஷாக்கின் ஸ்பிரிங்கை ஒரு படி இறுக்கிய பிறகு முகப்பு விளக்கைச் சரி செய்யுங்கள். சுவருக்கு ஐந்து மீட்டர் தள்ளிச் சமதரையில் வண்டியில் அமர்ந்தபடி பார்த்தால், தாழ்ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் நடுமட்டத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். சுமையில்லாமல் சரி செய்த விளக்கு, சுமை ஏறியதும் வானத்தைப் பார்க்கும்.

முதல் ஓட்டத்துக்குப் பினாங்குப் பாலம் வேண்டாம். பினாங்கின் பெருநிலப் பகுதியில் உள்ள பத்து காவான் ஊர்ப் பக்கத்து வெறிச்சோடிய சாலையில் 60, பிறகு 80, பிறகு 100 என்று படிப்படியாக வேகத்தை ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஹேண்டிலை மெதுவாக ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். ஆட்டம் ஒன்றிரண்டு அலையில் அடங்க வேண்டும். அடங்காமல் வளர்ந்தால் பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை மட்டும் மெல்ல விட்டு, வேகம் குறைந்த பின் நிறுத்தி, சுமையை முன்னுக்கும் கீழுக்கும் மாற்றி மறுபடி முயலுங்கள். டாப் பாக்ஸைக் கழற்றியதும் ஆட்டம் நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். அதன் பிறகு அந்தப் பாலத்தின் பக்கக் காற்றையும், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே மெனோரா மலைவளைவில் லோரிகள் கிளப்பும் காற்றுச் சுழலையும் பார்த்துவிட்டால், வண்டியின் குணம் முழுதும் புரிந்துவிடும். பிடியை இறுக்காமல், தோளைத் தளர்த்தி ஓட்டுங்கள்.

முதல் நெடும்பயணம் முடிந்து வந்ததும் கிளாம்ப் போல்ட்டுகள் அத்தனையையும் மறுபடி இறுக்க வேண்டும், ஏனெனில் அடியில் வைத்த ரப்பர்ப் பட்டை அழுந்தி இளகியிருக்கும். இறுக்கிய ஒவ்வொரு நட்டிலிருந்தும் போல்ட்டின் மீதும் தாங்கியின் மீதும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போட்டு வையுங்கள். அடுத்த முறை கோடு விலகியிருக்கும் நட்டுக்கு மட்டும் ஸ்பேனரை எடுத்தால் போதும்.